மைக் சொல்லியாச்சு

டிசம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை, மாலை நாலரை மணி. மறைப்புத் துணிக்கு உள்ளே இருபத்திரண்டு பெண்கள் பந்து விளையாடுகிறார்கள். துணிக்கு வெளியே ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும். அவர்களுக்கு நடுவே மைக்கைப் பிடித்துக்கொண்டு, துணியைப் பார்த்தபடியே ஆட்டத்தை வர்ணித்தவன் ஒருவன். அந்த பிரிட்டோ நான்தான் தம்பி.

உங்கள் சட்டையில் பந்துப் படம் இருப்பதால்தான் சொல்கிறேன். இல்லாவிட்டால் பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் வீட்டு விஷயம் பேசுகிற ஆளில்லை நான். பையைக் காலடியில் வையுங்கள். கருங்கல் போய்ச்சேர இன்னும் நேரம் இருக்கிறது. அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பார்த்தீர்கள்தானே? முகத்திலேயே தெரிகிறது. சிரிப்பதற்கு முன்னால் நடந்ததைக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் ஊர் அந்திரேயார்துறை. கடலுக்குப் போகாத நாளில் பந்து. கடலுக்குப் போன நாளிலும் மாலையில் பந்து. கிறிஸ்துமஸ் முடிந்ததும் கோவில் மைதானத்தில் போட்டி. அந்தப் போட்டிக்கு இருபது வருடமாக மைக்கில் வர்ணனை சொல்கிறவன் நான். எங்கள் பக்கத்தில் அது சின்ன வேலை இல்லை. ஏனென்றால் எங்கள் போட்டியில் ஒரு விதி உண்டு. வேறெங்கும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

முன்பொரு இறுதி ஆட்டத்தில் பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று தகராறு. நடுவரைத் தூக்கிக்கொண்டுபோய்க் கடலில் போட்டுவிட்டார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான், அலையும் இல்லை. ஆனாலும் நடுவர் நடுவர்தானே. பிறகு சுற்றுவட்டாரக் கடற்கரை ஊர்கள் எல்லாம் கோவில் முன்னால் கூடி ஒரு முடிவுக்கு வந்தார்கள். இனிமேல் எதுவானாலும் மைக் சொன்னால் சொன்னதுதான். நடுவர் மாற்றக்கூடாது, கமிட்டி மாற்றக்கூடாது. மைக்கில் சொன்னதைப் பத்து ஊர் கேட்டுவிடுகிறது. பத்து ஊர் கேட்டதை மாற்றப்போனால் மறுபடியும் யாராவது கடலுக்குள் போக வேண்டியிருக்கும். அன்றைக்கு மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நான் ஒருநாளும் தவறாகச் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் சரி என்று விதியே இருக்கும்போது தவறு எங்கிருந்து வரும்?

என் மனைவி மெற்றில்டா கருங்கல் சந்தையில் மீன் விற்கிறாள். வயது நாற்பத்துமூன்று. அவளும் இன்னும் சில பெண்களும் மூன்று வருடமாகப் பந்து விளையாடுகிறார்கள். முதலில் பிள்ளைகளை விளையாட விட்டுக் கரையில் நின்றவர்கள்தான், பிறகு தாங்களே இறங்கிவிட்டார்கள். இவள் கோல் கீப்பர். மைதானத்தில் அவர்களுக்கு இடமில்லை என்பதால் ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் விளையாடினார்கள். அங்கே சிப்பி கிடக்கும், கால் கிழியும். வாரத்தில் இரண்டு மாலை, செவ்வாயும் வியாழனும், மைதானத்தைக் கொடுங்கள் என்று, ஆம்பளைகள் மட்டும் இருக்கிற எங்கள் ஊர் மன்றத்தில் கேட்டார்கள். மாதாமாதம் கேட்டார்கள். மன்றமும் மாதாமாதம் பரிசீலித்தது. நான் ஒருமுறைகூட எதிர்த்ததில்லை. வேண்டும் என்பவர்கள் கையைத் தூக்குங்கள் என்றபோது தூக்கவில்லை, அவ்வளவுதான். மைக் பிடிப்பவன் நடுநிலையாக இருக்க வேண்டாமா?

இந்த நேரத்தில்தான் நாகர்கோவிலிலிருந்து பொற்சிலம்பு நகை மாளிகையின் மேனேஜர் வந்தார். கோமதிநாயகம் என்று பெயர். மைதானத்துக்கு ராத்திரி விளக்குப் போட்டுத் தருகிறோம், கோப்பை தருகிறோம், ஜெயித்த அணிக்குத் தங்கக் காசு தருகிறோம் என்றார். எங்கள் மன்றத் தலைவர் ததேயுஸ் இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், யார் முன்னாலும் எழுந்து நிற்காதவர். அன்றைக்கு எழுந்து போய் மேனேஜருக்குத் தன் கையாலேயே இளநீர் வெட்டிக் கொடுத்தார்.

மேனேஜர் இளநீரைக் குடித்து முடித்துவிட்டு, பெண்கள் ஆட்டம் ஒன்று கட்டாயம் வேண்டும் என்றார். ததேயுஸுக்குப் புரியவில்லை. மேனேஜர் புரியும்படியாகவே சொன்னார்.

"ஆம்பளைங்க பந்து வெளையாடுறதப் பாத்து எந்தப் பொம்பளையும் வளையல் வாங்க மாட்டா, சார்."

சரி என்று ஒத்துக்கொண்டோம். பக்கத்து ஊர் பாறைத்துறைக்காரர்களிடமும் ஒரு பெண்கள் அணி இருந்தது. எங்கள் பெண்களுக்கும் அவர்களுக்கும் சனிக்கிழமை ஆட்டம். மறுநாள் ஆண்கள் இறுதிப் போட்டி. அப்போது மெற்றில்டா மன்றத்துக்கு வந்து ஒரு நிபந்தனை போட்டாள். நாங்கள் ஜெயித்தால் செவ்வாயும் வியாழனும் மைதானம் எங்களுக்கு. இல்லையென்றால் இறங்க மாட்டோம், விளக்கு வெளிச்சத்தில் நீங்களே வளையல் போட்டுக்கொண்டு விளையாடுங்கள் என்றாள். ததேயுஸ் ஒத்துக்கொண்டார். தோற்றால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று அவரும் ஒன்று போட்டார். வெளியே வந்தபோது என் தோளில் கையைப் போட்டு, "ஓய் பிரிட்டோ, செவ்வாயும் வியாழனும் போச்சுன்னா நம்ம பயலுவ எங்க போவானுவ?" என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். நானும் சாதாரணமாகத்தான் தலையாட்டினேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறகு ஊரில் இதையும் அதையும் முடிச்சுப் போட்டுப் பேசினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே கிடையாது.

அடுத்தது மறைப்பு. பெண்கள் அரைக்கால் சட்டை போட்டு ஓடுவதை ஊர் ஆம்பளைகள் பார்க்கலாமா என்று ஒரு கேள்வி வந்தது. பெண்கள் கேட்கவில்லை. நாங்கள்தான் அவர்கள் மானத்தை நினைத்துக் கேட்டோம். மைதானத்தைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் மறைப்புக் கட்டுவது, உள்ளே ஒரு ஆம்பளையும் போகக்கூடாது என்று தீர்மானமானது. மெற்றில்டா, தினமும் சந்தையில் இதே ஆம்பளைகளின் நடுவே சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று மீன் வெட்டுகிறோமே, அங்கே யார் மறைப்புக் கட்டினார்கள் என்று கேட்டாள். அது தொழில், இது விளையாட்டு என்று விளக்கினேன். அவளுக்கு விளங்கவில்லை.

மேனேஜருக்கு மட்டும் மறைப்பு ரொம்பப் பிடித்துவிட்டது. ஓலை வேண்டாம், துணி நான் தருகிறேன் என்றார். வந்த துணி முழுக்க ஆரமும் நெக்லஸும் அச்சடித்திருந்தது. மைதானத்தைச் சுற்றி அத்தனை நகையை எங்கள் ஊர் அதுவரை பார்த்ததில்லை. பங்குத்தந்தை ஹிலாரி ஃபாதர் மணிக்கூண்டைப் பூட்டிச் சாவியை அங்கிக்குள் போட்டுக்கொண்டார். தென்னைமரங்களில் ஏறக்கூடாது என்று பூசையிலேயே அறிவித்தார்.

எல்லாம் முடிந்தபிறகுதான் வர்ணனை யார் சொல்வது என்று வந்தது. உள்ளே போக முடியாது, ஆனால் மைக் இல்லாமல் ஆட்டம் செல்லாது. ஸ்டெல்லா பேசட்டும், அவள் டீச்சர், தெளிவாகப் பேசுவாள் என்று மெற்றில்டா சொன்னாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மைக் என்பது அனுபவம், தம்பி. அப்படியானால் மறைப்பின் இடைவெளியில் ஒருத்தியை நிறுத்துகிறேன், கோல் விழுந்தால் உங்களிடம் சொல்வாள் என்றாள். அதற்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சொல்லிக்கொடுத்ததைத் திருப்பிச் சொல்ல நான் என்ன கிளியா? இருபது வருடமாகப் பந்தின் சத்தத்தைக் கேட்கிறேன், காலில் படுவது, தலையில் படுவது, கம்பத்தில் படுவது எல்லாம் எனக்குக் காதிலேயே தெரியும் என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

ஆட்டம் ஆரம்பித்தது. நடுவர் ஒரு கன்னியாஸ்திரீ, சிஸ்டர் எமரென்சியா, மார்த்தாண்டம் பக்கம் பி.டி. டீச்சர். விசில் சத்தம் கேட்டதும் நானும் தொடங்கினேன். முதல் கால்மணி நேரம் அருமையாகப் போனது. வெளியே நின்ற கூட்டம் என் வாயையே பார்த்தது. உள்ளே பெரிய கூச்சல் எழுந்தது, கோல் என்றேன், அந்திரேயார்துறை ஒன்று. அது உண்மையிலேயே கோல். அதை யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள்.

அடுத்த கூச்சலுக்கும் கோல் என்றேன். அது இடைவேளையாம். நகைக் கடைக்காரர்கள் உள்ளே குலுக்கல் நடத்தி ஒரு அம்மாளுக்கு மூக்குத்தி கொடுத்திருக்கிறார்கள், அதற்குக் கை தட்டியிருக்கிறார்கள். இடைவேளை என்று எனக்கு யார் சொன்னார்கள்? கூச்சல் பாறைத்துறைப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து வந்தது, அவர்கள் கணக்கில் சேர்த்தேன்.

அப்போது மறைப்புக்கு மிக அருகில் மெற்றில்டாவின் குரல் கேட்டது. "இஞ்ச பாருங்க, வாய மூடிட்டுச் சும்மா இருங்க" என்றாள். நான் விடுவேனா? அந்திரேயார்துறையின் கோல் கீப்பர் மெற்றில்டா பந்தோடு எல்லைக்கோடு வரை முன்னேறிவிட்டார், எதிரணி திகைத்து நிற்கிறது என்று சொன்னேன். நீங்கள் பார்த்த வீடியோ அந்த இடம்தான். ததேயுஸின் மைத்துனன் எடுத்தான்.

அதற்குப் பிறகு உள்ளே இருந்தவர்கள் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சத்தம் போட்டால் கோல். முதலில் பாறைத்துறைப் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு சத்தம் போட்டார்கள். நான் கோல் என்றேன். மைக் சொன்னால் சொன்னதுதான் என்று அவர்களுக்கும் தெரியும் அல்லவா? எங்கள் ஊர்ப் பெண்கள் விடுவார்களா, பதிலுக்கு ஒன்று போட்டார்கள். சந்தையில் கூவிப் பழகிய தொண்டை. நான் கோல் என்றேன். சிறிது நேரம் பந்து நடுக்கோட்டில் சும்மா கிடந்ததாம், இருபத்திரண்டு பேரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கத்தினார்களாம். வெளியே எங்களுக்கு அது மிக விறுவிறுப்பான ஆட்டமாக இருந்தது. நாலுக்கு நாலு.

கடைசியில் சிஸ்டர் நீளமாக விசில் ஊதி, இனி யார் கத்தினாலும் வெளியே அனுப்பிவிடுவேன், மிச்ச நேரத்தை ஒழுங்காக விளையாடுங்கள் என்று அதட்டினார். அது துணியைத் தாண்டி எனக்கே கேட்டது. பிறகு அமைதி. பந்துச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டும். முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது மறுபடி விசில். ஒரு சத்தமும் இல்லை. பெனால்டி என்று சொன்னேன். பாறைத்துறைக்குப் பெனால்டி. பாருங்கள், சரியாகச் சொன்னேன். அதுதான் அனுபவம்.

உதைத்த சத்தம் கேட்டது. ஒரு கணம் ஒன்றும் இல்லை. பிறகு சிஸ்டரின் மிரட்டலையும் மீறிப் பெரிய ஆரவாரம் வந்தது.

நான் கோல் என்றேன். பாறைத்துறை ஐந்து, அந்திரேயார்துறை நாலு. ஆட்டம் முடிந்தது என்றேன்.

அந்த ஆரவாரம் எங்கள் ஊர்ப் பெண்களுடையது என்கிறார்கள். குரல் தெரியாதா என்கிறார்கள். கட்டின பெண்டாட்டியின் அணி கத்துவது காதில் விழவில்லையா என்கிறார்கள். நீங்கள் கல்யாணமானவரா தம்பி? இருக்கட்டும். பத்தொன்பது வருடமாக அவளை எனக்குத் தெரியும். வீட்டுச் சாவியைத் தூக்கிப் போட்டால்கூடப் பிடிக்க மாட்டாள், கீழே விழுந்தபிறகு குனிந்துதான் எடுப்பாள். மழைக்காலத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். அவளுக்குப் பெனால்டி என்றால் அது கோல்தான். இதைக் கண்ணால் பார்த்துத்தான் சொல்ல வேண்டுமா? நடுநிலையான எந்த மனிதனும் அதைத்தான் சொல்வான்.

மறைப்பைத் தூக்கிக்கொண்டு அவள் வெளியே வந்தாள். முழங்காலில் ரத்தம், முகமெல்லாம் மணல். பந்து இன்னும் கையில் இருந்தது. நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். கூட்டம் விலகிவிட்டது. என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"நான் புடிச்சேன்" என்றாள்.

என்ன சொல்ல முடியும்? பத்து ஊர் கேட்டாகிவிட்டது.

"மைக் சொல்லியாச்சு" என்றேன்.

அவள் பந்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாறைத்துறைப் பெண்களுக்குத் தங்கக் காசு கொடுத்தார்கள். வாங்க அவர்களுக்கே கூச்சமாக இருந்தது, ஆனால் வாங்கிக்கொண்டார்கள். தங்கம் இல்லையா. ததேயுஸ் என் முதுகில் தட்டினார். வீட்டில் அன்றைக்கு மெற்றில்டா சோறு போட்டாள், மீன் போடவில்லை. மீன்காரி வீட்டில், தம்பி.

மறுநாள் காலை மேனேஜர் காரில் வந்து இறங்கினார். முகமெல்லாம் சிரிப்பு. வீடியோ எங்கெங்கோ போய்விட்டதாம், துணியிலிருந்த ஆரத்தைக் கேட்டுக் கடைக்கு ஆட்கள் வருகிறார்களாம். என்னைக் கட்டிக்கொண்டார். கட்டிக்கொண்டே, இன்றைக்கு இறுதிப் போட்டிக்குப் பெண் குரல் வேண்டும் என்றார். அந்தக் கோல் கீப்பர் அம்மாவே பேசட்டும், ஜனங்கள் அவரைத்தான் கேட்கிறார்கள் என்றார். நான் ததேயுஸைப் பார்த்தேன். ததேயுஸ் இன்னும் வந்து சேராத விளக்குக் கம்பங்களைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மைக்கை வாங்கினார். இருபது வருடம். ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.

மெற்றில்டா மறுப்பாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். ஆண்கள் ஆட்டம் என்பதால் மேஜையை மறைப்புக்கு உள்ளேயே போட்டிருந்தார்கள். எல்லாம் கண்ணுக்கு நேரே. எங்கள் பையன்களுக்கும் பாறைத்துறைப் பையன்களுக்கும் ஆட்டம். நன்றாகத்தான் வர்ணித்தாள், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. மீனுக்கு விலை கூவுவதுபோல, இழுக்காமல், வெட்டி வெட்டி.

கடைசிவரை கோல் இல்லை. முடியப்போகிற நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் அடித்த பந்து மேல்கம்பியில் பட்டுக் கீழே விழுந்து வெளியே ஓடியது. கோட்டைத் தாண்டவில்லை. நடுவர் ஆட்டத்தைத் தொடரச் சொல்லிக் கையை ஆட்டினார். நான் பார்த்தேன், ஊர் பார்த்தது, அவளும் பார்த்தாள். பார்த்துக்கொண்டே மைக்கை வாய்க்கு நேராக வைத்தாள்.

"கோல். அந்திரேயார்துறை ஒண்ணு, பாறைத்துறை ஒண்ணுமில்ல."

ததேயுஸ் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து ஓடினார். பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். பாறைத்துறைக்காரர்கள் மேஜையைச் சுற்றி வளைத்துக்கொண்டார்கள். அப்போது அவர்களில் ஒரு பெரியவர், நேற்று நம் பிள்ளைகள் தங்கக் காசை எந்த விதிப்படி வாங்கினார்கள் என்று கேட்டார். இன்றைக்கு மைக் செல்லாது என்றால் நேற்றைய தங்கத்தைத் திருப்பித் தரவேண்டும். போய்விட்டார்கள்.

கோப்பையைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஆடிக்கொண்டிருக்கும்போது, மெற்றில்டா மைக்கை மறுபடி எடுத்தாள். இன்னொரு அறிவிப்பு என்றாள்.

"செவ்வாயும் வியாழனும், சாயங்காலம் நாலுமணி முதல் ஆறுமணி வரை, கோவில் மைதானம் பொம்பளையளுக்கு. மைக் சொல்லியாச்சு."

ததேயுஸ் கோப்பையோடு வந்தார். விதி கோலுக்கு மட்டும்தான், இதற்கெல்லாம் கிடையாது என்று கத்தினார். ஹிலாரி ஃபாதர் அவரை நிறுத்தி, அன்றைக்குக் கோவில் முன்னால் கூடியபோது எதுவானாலும் என்றுதானே பேசினீர்கள், நானும் விசாரித்திருக்கிறேன் என்றார். ததேயுஸ் மறுபடியும் வாயைத் திறந்தார்.

"ததேயுஸ், அந்தக் கோல் செல்லுமா?" என்று ஃபாதர் கேட்டார்.

ததேயுஸ் கோப்பையைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

"செல்லும் ஃபாதர்."

"அப்ப இதுவும் செல்லும்."

இப்போது நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் படித்தவர், நியாயத்தைச் சொல்லுங்கள். நான் பார்க்காமல் தவறாகச் சொன்னேன். அதுவும் தவறு என்று வைத்துக்கொண்டால்தான். அவள் கண்ணால் பார்த்துவிட்டுத் தெரிந்தே தவறாகச் சொன்னாள். இதில் யார் பெரிய குற்றவாளி? ஊரில் கேட்டால் என்னைத்தான் சொல்கிறார்கள். சந்தைக்குப் போனால் மீன்காரிகள் என்னைப் பார்த்ததும் கோல் என்கிறார்கள். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் வீட்டில் ஆளில்லை. உலை வைப்பது நான். இன்றைக்கு வியாழன், நேரத்தோடு வீடு போய்ச்சேரத்தான் இந்த வண்டியைப் பிடித்தேன். நான் பெண்கள் முன்னேற்றத்துக்கு எதிரி இல்லை, இப்போதும் சொல்கிறேன். ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரு முறை இருக்கிறது. முறையாகக் கேட்டுக்கொண்டே இருந்தால் மன்றம் ஒருநாள் கொடுத்திருக்காதா? பரிசீலனையில்தானே இருந்தது.

ததேயுஸ் விடவில்லை. மைக் விதியையே எடுத்துவிட வேண்டும் என்று மன்றத்தைக் கூட்டினார். எடுத்துவிடலாம் என்று எல்லாரும் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன். ஆனால் எடுத்ததை மைக்கில் சொன்னால்தானே செல்லும்? மைக்கோ பொற்சிலம்புக்காரர்களின் ஏற்பாட்டில் மெற்றில்டாவிடம் இருந்தது. மே பதினொன்று, ஞாயிறு, பூசை முடிந்ததும் மைக்கை எடுத்தாள். முதலில், இன்று முதல் மன்றத்தில் பெண்களும் உறுப்பினர்கள், அவர்களுக்கும் ஓட்டு உண்டு என்று அறிவித்தாள். அதற்குப் பிறகு, மைக் விதி இந்த நிமிடத்தோடு நீக்கப்படுகிறது என்றாள். அந்த வரிசையில்தான் சொன்னாள். ததேயுஸ் கணக்குப் போட்டுப் பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டாள்.

கருங்கல் வந்துவிட்டது, நீங்கள் இறங்க வேண்டுமே. இறங்குங்கள், மிச்சம் கொஞ்சம்தான்.

மே இருபத்தைந்தாம் தேதி மன்றத் தேர்தல் நடந்தது. அறிவிப்பாளர் பதவிக்கு நான் நின்றேன். மெற்றில்டாவும் நின்றாள். நான் தோற்றேன்.